மைக்குக்குப் பின்னால் நின்றவர்கள்

(சென்ற ஆண்டு நமது முன்னாள் மாணவர் சங்கமத்தின் இரண்டாம் நாள் பிற்பகல் அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம். மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதால், பேசியபடியே ஏறக்குறைய அப்படியே தருகிறேன்.)



செயலாளர் என்னிடம், "ஏதாவது பழைய நினைவுகள், பதினைந்து நிமிஷம் பேசுங்க" என்றார். சாப்பாட்டுக்குப் பிறகு பேசுகிறவனின் நிலைமை எனக்குத் தெரியும். பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் பக்கத்தில் இருப்பவரிடம் பிள்ளைக்கு வரன் விசாரிப்பார்கள். அதனால் நினைவுகளை மட்டும் பேசாமல், நம் காலத்தில் விடுதியின் இரண்டாவது மாடியை அதிரவைத்த ஒரு விஷயத்தைப் பேசப் போகிறேன். ராக் இசை. "அறுபது வயசைத் தாண்டின ஆளுக்கு இது தேவையா?" என்று என் மனைவி கேட்டாள். தேவைதான். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் வாட்ஸ்அப் குழுவில் நான்கு மாதங்களுக்கு முன் ஒருவர் ஓர் ஒலிப்பதிவை அனுப்பினார். 1981-இல் வேறொரு கல்லூரியில் நடந்த இசைப் போட்டி. அப்போது நமக்கு ஜூனியராக இருந்தவர் முதல் வரிசையில் உட்கார்ந்து, டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு பதிவு செய்திருக்கிறார். அந்தக் கேசட்டை நாற்பது வருஷத்துக்கு மேல் வைத்திருந்து, இப்போது அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார். நான்கு நிமிடம். எங்கள் ஐந்து பேர் குழு. நான் பாடகன். குழுவில் எல்லாரும் "சூப்பர்", "பழைய ஞாபகம்" என்று கைதட்டும் படம் போட்டார்கள். நான் மட்டும் எதுவும் போடவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கேட்கக் கேட்க ஒரு கேள்வி வந்தது. ஒரு இசைக்குழு வாசிக்கும்போது நாம் உண்மையில் யாரைக் கேட்கிறோம்?

பாடுகிறவரைத்தான் கேட்கிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனிதக் காது மனிதக் குரலைத் தேடும். நம் ஊர்க் கச்சேரியில் மற்றவர்களுக்குப் பெயரே 'பக்கவாத்தியம்'. வயலின்காரர் பாடகரின் பின்னாலேயே நிழல் மாதிரி வருவார். மிருதங்கக்காரருக்குத் தனி ஆவர்த்தனம் என்று கொஞ்ச நேரம் ஒதுக்குவோம். அந்த நேரத்தில்தான் நம்மில் பாதிப் பேர் கேண்டீனுக்கு எழுந்து போவோம். அது அங்கே ஒரு ஒப்பந்தம். எல்லாருக்கும் தெரிந்துதான் உட்கார்கிறார்கள். ராக் குழுவில் அப்படி ஒரு ஒப்பந்தம் கிடையாது. நாலு பேர், அஞ்சு பேர் சேர்ந்து ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். யார் பக்கவாத்தியம் என்று எழுதி வைப்பதில்லை. அதனால்தான் அங்கே சண்டையும் அதிகம், சில சமயம் அற்புதமும் அதிகம்.

அற்புதத்தை முதலில் சொல்கிறேன். 1970 பிப்ரவரி 14. இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகம். 'தி ஹூ' என்ற குழு அங்கே வாசித்தது. எங்கே தெரியுமா? மாணவர்களின் சாப்பாட்டுக் கூடத்தில்! நம்ம பாஷையில் மெஸ்ஸில். அந்தப் பதிவு 'லைவ் அட் லீட்ஸ்' என்ற பெயரில் அதே ஆண்டு மே மாதம் வெளிவந்தது. ஆறே பாட்டு. அதில் மூன்று அடுத்தவர்களின் பாட்டு. பதிவில் படபடவென்று சில சத்தங்கள் விழுந்துவிட்டன. 'அந்தச் சத்தம் சரிதான், திருத்த வேண்டாம்' என்று இசைத்தட்டின் லேபிளிலேயே கையால் எழுதிவிட்டார்கள். இன்றைக்கும் ராக் இசையின் மிகச் சிறந்த மேடைப் பதிவுகளைப் பட்டியல் போடுகிறவர்கள் இதை விடுவதில்லை. 2006-இல் ராஜர் டால்ட்ரியும் பீட் டவுன்ஷெண்டும் அதே கூடத்துக்குத் திரும்பி வந்து வாசித்தார்கள். அங்கே ஒரு நினைவுப் பலகையும் பதித்திருக்கிறார்கள். நம் மெஸ்ஸில் பதித்திருப்பது 'தட்டை அலம்பி வைக்கவும்' என்ற பலகை ஒன்றுதான்.

அந்தப் பதிவை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். கிட்டார் ஒரு காதில், பேஸ் கிட்டார் இன்னொரு காதில், குரலும் ட்ரம்ஸும் நடுவில். ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு மறு பக்கத்தை மட்டும் கேட்கலாம். கேட்டால் வேடிக்கையான ஒரு விஷயம் புரியும். எல்லாரும் வேலையை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

சாதாரணக் குழுவில் ட்ரம்ஸ்காரர் தாளத்தைச் சீராகப் பிடிப்பார், பேஸ் அவரோடு ஒட்டிக்கொள்ளும், கிட்டார் அலங்காரம் செய்யும். இங்கே கீத் மூன் என்ற ட்ரம்ஸ்காரர் சீராகத் தட்டிக்கொண்டு உட்கார மறுக்கிறார். பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் மழை மாதிரிக் கொட்டுகிறார். அவர் பாட்டுக்குப் பதில் சொல்கிறார். ஜான் என்ட்விசில் பேஸ் கிட்டாரில் தனி ராகமே வாசிக்கிறார். 1965-இல் வந்த 'மை ஜெனரேஷன்' பாட்டில் கிட்டார் தனியாக முழங்கவேண்டிய இடத்தில் பேஸ் முழங்கியது. அது அன்றைக்குப் புதுசு. அப்போ தாளத்தை யார் பிடிக்கிறது? டவுன்ஷெண்ட், கிட்டாரில். பெரிய பெரிய கார்டுகளை வெட்டி வெட்டிப் போட்டு வண்டியை ஓட்டுகிறார். மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் காது கொடுத்துக் கேட்டால் மட்டுமே இது நடக்கும். ஒருத்தர் கேட்கத் தவறினால் வண்டி பள்ளத்தில்.

பாடகர் டால்ட்ரி என்ன செய்தார்? அவர் கதையும் சுவாரஸ்யம். அந்தக் குழுவைத் தொடங்கிய நாளில் அவர்தான் தலைவர், கிட்டாரும் அவரே. பிறகு கிட்டாரை விட்டுவிட்டுப் பாட மட்டும் வந்தார். 1965-இல் மூனோடு கைகலப்பாகி, மற்ற மூவரும் சேர்ந்து அவரையே வெளியே அனுப்பினார்கள். இனிமேல் கையை ஓங்குவதில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் திரும்பச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு அவர் பாடியது பெரும்பாலும் டவுன்ஷெண்ட் எழுதிய வார்த்தைகளை. தலைவராக இருந்தவர் நால்வரில் ஒருவரானார். லீட்ஸ் பதிவில் அவர் குரல் சின்னது இல்லை, சிங்கம் மாதிரி இருக்கிறது. ஆனால் மூன் கொட்டும் இடத்தில் அவர் வழிவிடுகிறார். முன்னால் நிற்பது தப்பே இல்லை. முன்னால் நிற்கிறவனின் காது பின்னால் இருக்கவேண்டும்.

இதே குழுவிலிருந்து இன்னொரு சின்ன உதாரணம். 1971-இல் 'வோன்ட் கெட் ஃபூல்டு அகெய்ன்' என்ற பாட்டில் ஆர்கனை சிந்தசைசர் வழியாக விட்டுப் பதிவு செய்தார்கள். மேடையில் அந்தப் பகுதியை டேப்பில் ஓடவிட்டு, கூடவே வாசிக்கவேண்டும். மூன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு டேப்பைக் கேட்டபடி வாசித்தார். டேப் அவருக்காக நிற்காது, அவர் வேகம் பார்த்துத் தன் வேகத்தை மாற்றாது. அவர்தான் அதன் பின்னால் ஓடவேண்டும். மனிதனோடு வாசிப்பதற்கும் இயந்திரத்தோடு வாசிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒரு பாடகன் யார் வாசிப்பதையும் கேட்காமல் பாடினால், அவனும் மற்றவர்களுக்கு அந்த டேப் மாதிரிதான்.

இப்போது சண்டைப் பக்கத்துக்கு வருவோம். பாடகர் மட்டும் மேலே வந்து, மற்றவர்கள் எல்லாரும் கீழே போனது எப்படி? வெறும் தலைக்கனம் என்று சொல்லிவிட முடியாது. கருவிகளுக்கும் அதில் பங்கு உண்டு. பேஸ் கிட்டாரின் கடைசிக் கம்பி நொடிக்கு 41 தடவை அதிர்கிறது. கிட்டாரின் கடைசிக் கம்பி 82 தடவை. நம் கையில் இருந்த சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஒலிபெருக்கி உள்ளங்கை அகலம்கூட இருக்காது. 41 அதிர்வு அதில் வெளியே வரவே வராது. குரல் மட்டும் பளிச்சென்று வரும். கோடிக்கணக்கான பேர் ராக் இசையை அந்த டப்பாவில்தான் முதலில் கேட்டார்கள். ரேடியோவில் பாட்டு ஒலிக்கவேண்டும் என்றால் குரல் மேலே இருக்கவேண்டும், பாட்டு மூன்று நிமிடத்தில் முடியவேண்டும். பதிவு முறையும் மாறியது. எட்டு தடம், பதினாறு தடம் என்று வந்த பிறகு ட்ரம்ஸை ஒரு நாள், கிட்டாரை ஒரு நாள், குரலைக் கடைசியில் என்று தனித்தனியாகப் பதிவு செய்ய முடிந்தது. பாடகர் என்ன செய்யப் போகிறார் என்று தெரியாமலேயே ட்ரம்ஸ்காரர் வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

'தி டோர்ஸ்' குழுவின் 'லைட் மை ஃபயர்' பாட்டு ஞாபகம் இருக்கிறதா? விடுதியில் மின்சாரம் போனால் யாராவது ஒருவர் இதைக் கத்துவார். 1967-இல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தில் அந்தப் பாட்டு ஏழு நிமிடம். எழுதத் தொடங்கியவர் கிட்டார்காரர் ராபி கிரீகர். ஜிம் மாரிசன் சில வரிகள் சேர்த்தார், ரே மன்சாரெக் அந்த ஆர்கன் முகப்பைச் சேர்த்தார், ஜான் டென்ஸ்மோர் லத்தீன் சாயலில் ஒரு தாளம் சேர்த்தார். நடுவில் இரண்டே கார்டுகளின் மேல் ஆர்கனும் கிட்டாரும் மாறி மாறிப் பேசிக்கொண்டு போகும். குழுவில் பேஸ் வாசிக்க ஆள் கிடையாது. மேடையில் மன்சாரெக் இடது கையால் கீபோர்டில் பேஸ், வலது கையால் ஆர்கன்! பாட்டின் உயிரே அந்த நடுப்பகுதிதான். ரேடியோவுக்காகச் சிங்கிளாக வெளியிட்டபோது எதை வெட்டினார்கள்? அந்த நடுப்பகுதியைத்தான். மூன்று நிமிடத்துக்கும் குறைவாக்கினார்கள். அந்தக் குறைத்த வடிவம் அமெரிக்காவில் முதல் இடத்துக்கு வந்தது. உலகம் மாரிசனின் முகத்தைப் பார்த்தது. மற்ற மூவரும் அந்த முகத்துக்குப் பின்னணி ஆனார்கள்.

ஆனால் அந்த நால்வரும் தங்களுக்குள் வேறு மாதிரி இருந்தார்கள். முதல் ஆல்பத்தில் அவர்களுடைய சொந்தப் பாட்டுகளில் தனித்தனிப் பெயர் போடவில்லை, குழுவின் பெயர்தான். வருமானமும் நால்வருக்கும் சமம். 1971 ஜூலை 3-இல் மாரிசன் பாரிஸில் இறந்தார். மூவரும் நிறுத்தவில்லை. தாங்களே பாடி 1971-இல் ஒன்று, 1972-இல் ஒன்று என இரண்டு ஆல்பம் வெளியிட்டார்கள். வாசிப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் நிற்கவில்லை, 1973-இல் கலைந்தார்கள். இதையும் நான் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால், "பாடகன் வேண்டாம், வாத்தியம் போதும்" என்று நான் சொல்வதாக நினைப்பீர்கள். பேச்சில் ஒரு ஆள் குறைந்துபோனால் அந்தப் பேச்சு பழைய பேச்சு இல்லை. குறைந்தது பாடகனாக இருந்தாலும் சரி, வேறு யாராக இருந்தாலும் சரி.

மூன்றாவதாக ஒரு குழு. இது நம் மனசுக்கு மிக நெருக்கமான குழு. கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல். நம் காலத்தில் கிட்டாரில் மூன்று கார்டு பிடிக்கத் தெரிந்த எந்தக் கல்லூரி மாணவனும் இவர்கள் பாட்டில்தான் தொடங்கினான். கலிஃபோர்னியாவில் எல் செரிட்டோ என்ற ஊர். ஜான் ஃபோகர்ட்டி, ஸ்டூ குக், டக் கிளிஃபர்ட் மூவரும் பள்ளித் தோழர்கள். ஜானின் அண்ணன் டாம் ஃபோகர்ட்டி மூன்றரை வயது மூத்தவர். தொடக்கத்தில் குழுவின் பாடகர் அண்ணன்தான். பெயரே 'டாமி ஃபோகர்ட்டி அண்ட் தி புளூ வெல்வெட்ஸ்'. பிறகு தம்பியின் குரல் தன் குரலைவிடப் பெரியது என்று எல்லாருக்கும் தெரிந்தது. அண்ணன் ஒதுங்கி ரிதம் கிட்டாருக்குப் போனார்.

பிறகு நடந்தது சரித்திரம். 1969 ஒரே ஆண்டில் மூன்று ஆல்பம். அமெரிக்கப் பட்டியலில் ஐந்து சிங்கிள்கள் இரண்டாம் இடம் வரை போயின. முதல் இடம் மட்டும் கடைசி வரை கிடைக்கவில்லை. எழுதுவது ஜான், பாடுவது ஜான், முன்னணி கிட்டார் ஜான், பாட்டை அமைப்பதும் பதிவை மேற்பார்வை பார்ப்பதும் ஜான். 'ப்ரவுட் மேரி'யில் பின்குரல்களைக்கூட மற்றவர்களிடம் கொடுக்காமல் தானே பாடிப் பதிவு செய்தார். அதில் பெரிய மனஸ்தாபம். ஒன்று சொல்லவேண்டும். அவர் முடிவுகள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன! அந்தப் பாட்டுகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. பாடகரை மையமாக வைத்த ஒலி தோற்றுப்போகும் என்று நான் சொன்னால் இந்தக் குழுவே எழுந்து நின்று மறுக்கும்.

ஆனால் பாட்டு பிழைத்தது, குழு பிழைக்கவில்லை. 1971 தொடக்கத்தில் அண்ணன் டாம் வெளியேறினார். அப்போது வந்த பாட்டுத்தான் 'ஹேவ் யூ எவர் ஸீன் தி ரெயின்'. நாம் அதை மழைப் பாட்டு என்று நினைத்து, மழை வந்தபோதெல்லாம் மொட்டை மாடியில் பாடினோம். குழு உச்சியில் இருக்கும்போதே உள்ளே உடைந்துகொண்டிருந்த வருத்தத்தைத்தான் அதில் எழுதினேன் என்று ஜான் பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இது தெரிந்த பிறகு என்னால் அதை மொட்டை மாடி உற்சாகத்தோடு பாட முடியவில்லை.

மிச்சம் மூவர் 1972-இல் 'மார்டி கிரா' என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். இம்முறை மூவரும் எழுதி, மூவரும் பாடினார்கள். சமமாகப் பிரிப்பதை யார் கேட்டது, யார் திணித்தது என்பதில் அவர்களுக்குள்ளேயே இரண்டு கதைகள் உண்டு. விமர்சகர்கள் கிழித்தெறிந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் குழு கலைந்தது. அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. சமமாகப் பங்கு பிரிப்பது வேறு, ஒருவரை ஒருவர் கேட்பது வேறு. பாகப்பிரிவினை நடந்தால் வீடு சேர்ந்துவிடுமா? லீட்ஸில் டால்ட்ரி பாட்டு எழுதவில்லை, என்ட்விசில் முன்னால் வந்து ஆடவில்லை, எதையும் சமமாகப் பிரிக்கவில்லை. ஆனால் நால்வருக்கும் நால்வர் வாசிப்பதும் கேட்டது.

டாம் ஃபோகர்ட்டி 1990 செப்டம்பரில் இறந்தார். 48 வயது. அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையே இருந்த கசப்பு தீரவே இல்லை. 1993-இல் அந்தக் குழுவை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துக் கௌரவித்தபோதும், குக்கும் கிளிஃபர்டும் அங்கே இருக்க, அவர்களோடு சேர்ந்து வாசிக்க ஜான் மறுத்துவிட்டு வேறு கலைஞர்களோடு வாசித்தார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பண விவகாரம், ஒப்பந்த விவகாரம் எல்லாம் அதில் உண்டு. ரிதம் கிட்டாரோடு ஓரமாக நின்ற அந்த அண்ணனைப் பற்றி மட்டும் நான் நிறைய யோசித்தேன். ஏனென்றால் எங்கள் குழுவிலும் ஒரு ரிதம் கிட்டார் இருந்தது.

இப்போது அந்தக் கேசட்டுக்கு வருகிறேன்.

எங்கள் குழு பயிற்சி செய்தது நம் மெஸ்ஸில், இரவுச் சாப்பாடு முடிந்து மேஜைகளைத் தள்ளிவிட்டு. இரண்டே ஆம்ப்ளிஃபயர். ஐந்து பேரும் பத்தடிக்குள் நிற்போம். அங்கே ரிதம் கிட்டார்தான் ஆணிவேர் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. ட்ரம்ஸ்காரன் அவன் வலது கையைப் பார்த்துத்தான் தட்டுவான். பேஸ்காரன் அவன் கார்டு மாறுவதைக் கேட்டுத்தான் மாறுவான். நான் பாட்டுக்கு இஷ்டத்துக்கு இழுத்துப் பாடுவேன், அவன் அதற்கேற்பக் கொஞ்சம் தாங்கிப் பிடித்து எல்லாரையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடுவான். நான் அதை என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போட்டி நாளில் மேடை பெரியது. இரண்டு ஆம்ப்ளிஃபயரும் முன்னணி கிட்டாருக்கும் பேஸுக்கும் போய்விட்டன. ரிதம் கிட்டாரை நேராக மைக் செட்டில் சொருகினோம். ஒலிபெருக்கி எல்லாம் கூட்டத்தைப் பார்த்து இருக்கும். மேடையில் நிற்கிறவர்களுக்குத் திரும்பிக் கேட்க ஒன்றும் கிடையாது. கூடத்தில் எதிரொலித்து வருவதுதான் கணக்கு. மத்தியானம் இரண்டு நிமிடம் சோதனை பார்த்தார்கள். என் குரல் போதாது என்று எனக்குத் தோன்றியது. எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு நான் மட்டும் மைக் செட்காரரிடம் போனேன்.

"அண்ணே, அந்தக் கறுப்பு கிட்டாரைக் கொஞ்சம் குறைச்சிடுங்க."

"எவ்வளவு தம்பி?"

"நல்லாவே குறைச்சிடுங்க. பாட்டுத்தான் முக்கியம்."

அவர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். குறைத்துவிட்டார். முழுசாக.

அந்த நான்கு நிமிடத்தில் என்ன நடந்தது என்பது கேசட்டில் தெளிவாக இருக்கிறது. பாட்டு 'ப்ரவுட் மேரி'. முதல் சரணம் பரவாயில்லை. என் குரல் கணீரென்று இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது சரணத்தில் நான் வழக்கம்போல இழுக்கிறேன். தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. ட்ரம்ஸ் முன்னால் போகிறது. பேஸ் கொஞ்ச நேரம் என்னோடு வருகிறது, கொஞ்ச நேரம் ட்ரம்ஸோடு போகிறது, விவாகரத்து வழக்கில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி. நடுவில் யாரோ "டேய்!" என்று கத்துவது கேட்கிறது. அது நான்தான். ட்ரம்ஸ்காரனைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. ரிதம் கிட்டார் வாசிப்பது அந்தப் பதிவில் எந்த இடத்திலும் கேட்கவில்லை. ஆனால் அவன் நான்கு நிமிடமும் மேடையில் நின்று வாசித்துக்கொண்டுதான் இருந்தான்.

பரிசு கிடைக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது கூட்டத்தில் இருந்த நம் பையன் ஒருத்தன் அவனிடம், "என்னடா மாப்ளே, நீ வாசிச்சது எங்களுக்குக் கேக்கவே இல்லையே?" என்றான். அவன் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன்: "மைக் செட்காரன் சொதப்பிட்டான் போல இருக்குடா."

இவ்வளவுதான் நான் செய்தது. வெளியே சொன்னால் சின்ன விஷயம். ஒரு குமிழைத் திருப்பச் சொன்னேன், ஒரு பொய் சொன்னேன். அடுத்த வாரம் அவன் பயிற்சிக்கு வரவில்லை. "பரீட்சை வருதுடா" என்றான். அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கிட்டாரை விற்றுவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். குழு அதோடு முடிந்தது. "அவன் இல்லாட்டி என்ன, பாட நான் இருக்கேனே" என்று நான் சொல்லிப் பார்த்தேன். யாரும் மேஜையைத் தள்ள எழுந்திருக்கவில்லை.

கேசட்டைக் கேட்ட மறுநாள் அவனுக்குப் போன் செய்தேன். நாற்பது வருஷத்தில் கல்யாணப் பத்திரிகை, பொங்கல் வாழ்த்து எல்லாம் போய் வந்திருக்கிறது. இது மட்டும் பேசியதில்லை. குறைக்கச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் சொன்னான்.

"தெரியும்டா. வயரைக் கழட்டப் போனப்பவே அந்த மைக் செட் அண்ணன் சொல்லிட்டார். பஸ்ல நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்."

நண்பர்களே, அன்று பஸ்ஸில் நான் சொல்லியிருந்தால் அவன் ரெண்டு அறை விட்டிருப்பான், மறுநாள் மெஸ்ஸில் மேஜையைத் தள்ளியிருப்போம். நான் அவன் கிட்டாரை மட்டும் குறைக்கவில்லை. அவன் என்ன சொல்லக் காத்திருந்தான் என்பதையும் கேட்காமல் நாற்பது வருஷம் பாடிக்கொண்டே இருந்துவிட்டேன். வேலை பார்த்த இடங்களிலும் வீட்டிலும் நான் எத்தனை பேரின் குமிழைத் திருப்பினேனோ! என் மனைவி இங்கேதான் இருக்கிறாள், கணக்கு அவளிடம் இருக்கும்.

அவனும் இதே கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். எங்கே என்று நான் காட்டப்போவதில்லை, அவனுக்குப் பிடிக்காது. போனில் சொன்னது போதாது என்று எனக்குத் தோன்றியது. எல்லார் காதிலும் விழவேண்டிய அவன் வாசிப்பை நான் எடுத்தேன். அதனால் எல்லார் காதிலும் விழும்படி மன்னிப்புக் கேட்கிறேன். மாப்ளே, தப்பு என்னுது. முகம் தெரியாத அந்த மைக் செட் அண்ணனிடமும், நான் கத்திய நம் ட்ரம்ஸ்காரனிடமும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று இரவு கலை நிகழ்ச்சியில் நாங்கள் ஐந்து பேரும் ஒரு பாட்டு வாசிப்பதாக நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். "விரல் வராதுடா" என்று முதலில் மறுத்தவன், பிறகு ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டான். அவன் ஆம்ப்ளிஃபயர் அவன் பக்கத்திலேயே இருக்கவேண்டும், குமிழ் அவன் கைக்கு எட்டவேண்டும். நியாயமான நிபந்தனை.

ஒலி அமைப்பைப் பார்த்துக்கொள்ளும் தம்பி பின்னால் நிற்கிறார். அவருக்கு எல்லார் முன்னிலையிலும் ஒரு வேண்டுகோள். தம்பி, ராத்திரி நான் தனியாக உங்களிடம் வந்து ஏதாவது சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள். ஐந்து பேரும் ஐந்து பேருக்கும் கேட்கும்படி வையுங்கள். என் குரல் அதில் அமுங்கினால் அமுங்கட்டும். நான் இன்று நின்று பாடப் போவது முன்னால் இல்லை, ட்ரம்ஸுக்குப் பக்கத்தில். அவன் வலது கை தெரிகிற இடத்தில்.